தையலுக்கு விடாத அரை இன்ச்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். உன் கழுத்து வலி தேவலையா? ஆர்டர் குவிகிறது என்று குனிந்தே கிடக்காதே.

அங்கே இருக்கும் தங்கையோடு இங்கிருந்தே ஆன்லைனில் விளையாட நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டுகிறேன். அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். அதனால் இருப்பதிலேயே சின்னப் பெட்டியாக வாங்கினேன். விளையாட்டு தெளிவாக ஓடத் தேவையான கிராபிக்ஸ் கார்டும் பெட்டியின் உள்நீளத்துக்குச் சரியாக மலிவில் கிடைத்தது. பூட்டினால் கார்டு அச்சாக உட்கார்ந்தது, ஒயர் செருகத்தான் இடமில்லை!

பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் கடைக்குப் போனேன்.

"அளந்துதானே வாங்குனே?" என்றார் கடைக்காரர்.

"அளந்தேங்க. எங்கம்மா டெய்லருங்க."

"டெய்லர் பொண்ணா தையலுக்கு விடாம வெட்டுனே?"

சிரித்துக்கொண்டே குட்டைக் கார்டாக மாற்றிக் கொடுத்தார். வேலை விஷயம் தவிர இந்த மாதம் நான் பேசியது அவ்வளவுதான்.

உன் பழைய இன்ச் டேப்பை அனுப்பு. புதிது இங்கேயே கிடைக்கும், அது வேண்டாம்.

ஞாயிறு விளையாடும்போது மைக்கை அணைக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல். நீயும் பக்கத்திலேயே உட்கார்ந்து தை. மிஷின் சத்தம் கேட்டால் போதும், நான் தோற்றாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது அம்மா.

உன் பெரியவள்