பெட்டிகள் தோட்டத்தில் இருக்கின்றன

ஜூலை 6

வணக்கம்.

போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பாலம் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. தூண்களுக்குக் குழி தோண்டுகிறோம். இங்கே யாரும் ‘அது தானாகச் சரியாகிவிடும்’ என்று சொல்வதில்லை, காதுக்கு நிம்மதி. தங்குவதற்கு ஒரு வீடும் பார்த்துவிட்டேன். இரண்டு அறைகள், ஒழுகாத குழாய்.

மாதக் கடைசியில் என் அண்ணன் வேனோடு வருவார். மே மாதம் நான் கட்டி, நடைவழியில் அடுக்கிவிட்டு வந்த அட்டைப்பெட்டிகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தூக்கக்கூட வேண்டாம். கதவைத் திறந்தால் போதும். உங்களுக்காக இதைவிடச் சுலபமான வேலையை என்னால் யோசிக்க முடியவில்லை.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா என்று கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் இருந்தவள்


ஜூலை 13

என் அன்பான இன்ஜினியருக்கு,

நான் நலம். குழாயும் நலம். அதன் கீழே வாளி வைத்திருக்கிறேன். நிறைந்ததும் தோட்டத்தில் ஊற்றுகிறேன்.

ஆமாம், தோட்டம்தான். நீ போன மறுவாரமே வீட்டின் பின்பக்கம் தொடங்கினேன். முறை எளிது. மண்ணைத் தோண்டக் கூடாது. புல்லின் மேலேயே அட்டையைப் பரப்பி நன்றாக நனைத்து, அதன்மேல் மட்கிய எரு, காய்ந்த இலை, வைக்கோல் என்று ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போட வேண்டும். வெளிச்சம் கிடைக்காமல் புல் செத்துப்போகும். அட்டை மெல்ல மட்கும். மீதியை மண்புழு பார்த்துக்கொள்ளும். கொத்துவது கிடையாது, களையெடுப்பதும் அநேகமாகக் கிடையாது. நான் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த கொள்கைக்கு விவசாயத்தில் இவ்வளவு மரியாதை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

பக்கத்து மாடி வீட்டு அண்ணன்தான் தாங்க முடியாமல் தவிக்கிறார். மதில் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

“தம்பி, குப்பைய வெளிய கொட்டணும். இப்படி உள்ளயே பரப்பி வைக்கக் கூடாது.”

“இது தோட்டம்ண்ணே.”

“அப்ப மண்வெட்டி எங்க?”

“அது இல்லாததுதாண்ணே விஷயமே.”

சுவரில் இன்னும் கொஞ்சம் எக்கினார். பிறகு ரொம்ப மெதுவாக, “உங்க வீட்டம்மா எப்ப வர்றாங்க?” என்றார். காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரல்.

பீன்ஸ் பூத்திருக்கிறது. பெட்டிகளைப் பற்றி மச்சானிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

இங்கேயே இருக்கும்,
உன் சோம்பேறி


ஜூலை 30

வணக்கம்.

அண்ணன் காலி வேனோடு வந்து நின்றார். கையில் ஒரு பை பீன்ஸ்.

நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “மாப்பிள்ளை, பெட்டியெல்லாம் எங்க?” என்று கேட்டிருக்கிறார். “பீன்ஸுக்கு அடியில இருக்கு மச்சான்” என்று சொல்லியிருக்கிறீர்கள். “பத்திரமா இருக்கா?” என்றதற்கு, “நல்லா மட்கிட்டு வருது” என்றீர்களாம். உங்களைத் திட்டுவதற்காகத்தான் அவரை அனுப்பினேன். அவர் இப்போது அண்ணியின் புதுச் செருப்பு வந்த பெட்டியைக்கூட விடாமல் சேர்த்துவைக்கிறார்.

தெருமுனை மருந்துக்கடை தினமும் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வெளியே போடுகிறது. ஊரில் அட்டைக்கா பஞ்சம்? நான் வீட்டை விட்டுப் போவதற்குக் கட்டிய பெட்டிகள்தான் உங்கள் புல்லுக்கு வேண்டியிருந்ததா?

உள்ளே இருந்தவை எங்கே? புத்தகங்கள் எங்கே? பாத்திரங்கள் எங்கே? நான் முதல் வேலைக்குப் போனபோது, சுவர் மட்டம் பார்க்க அப்பா வாங்கித் தந்த ரசமட்டம் எங்கே? ஒன்று காணாமல் போயிருந்தாலும், நானே லாரியோடு வந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
பெட்டிகளின் சொந்தக்காரி


ஆகஸ்ட் 5

என் அன்பான பெட்டிக்காரிக்கு,

நான் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிறவன் என்பதால், முறைப்படி அறிக்கை தருகிறேன். சேதம் எதுவும் இல்லை.

மருந்துக்கடைப் பெட்டிகள் வழவழப்பானவை, மேலே வண்ண அச்சு. மண்ணுக்கு ஆகாது. உன்னுடையவை நல்ல தடித்த பழுப்பு அட்டை. பிளாஸ்டிக் டேப்பை ஒரு துணுக்கு விடாமல் உரித்து எடுத்தேன். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நீ டேப் ஒட்டுகிற விதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பாலத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

சாமான்களை எங்கே வைப்பது என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவை முன்பு இருந்த இடங்கள் காலியாகவே இருந்தன.

நீலக் கோப்பை சமையலறை ஜன்னலில், விளிம்பு உடைந்த பக்கம் சுவரைப் பார்த்தபடி. சாலை போடுவதைப் பற்றிய அந்தத் தடிப்புத்தகம், பழையபடி ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில். கரண்டிகளில் வளைந்தது மட்டும் தனியாக, நீ வைப்பதுபோல. ஏன் தனியாக வைப்பாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரசமட்டம் கட்டிலில் உன் பக்கத்து அலமாரியின் மேல், உன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு வலப்புறம். குமிழி நடுவில் நிற்கவில்லை. அலமாரி சாய்ந்திருக்கிறது போலிருக்கிறது. உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

லாரியோடு வருவதானால் வா. உருளைக்கிழங்கு எடுக்க ஆள் வேண்டும். அதற்கும் தோண்ட வேண்டியதில்லை, வைக்கோலை விலக்கினால் மண்ணின் மேலேயே கிடக்கும். நீ வருவாய் என்று இரண்டு வரிசையைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

மாறாத,
சோம்பேறி


ஆகஸ்ட் 12

அன்புள்ள சோம்பேறிக்கு,

வளைந்த கரண்டி எண்ணெய் ஊற்றுவதற்கு. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக்கூட்டுக்கு வலப்புறமா இடப்புறமா என்பதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரோடுதான் இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அதை அவர் ஒருமுறையாவது வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இவ்வளவு டேப் செலவாகியிருக்காது.

இங்கே பார்த்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலையை விடமாட்டேன், நீங்கள் விடச் சொல்லவும் இல்லை, அது உங்கள் கணக்கில் வரவு. பாலம் முடியும்வரை விடுதியில் ஓர் அறை போதும். சனிக்கிழமைதோறும் வருகிறேன்.

பார்சலில் வருவது காலி அட்டைப்பெட்டிகள். வேலைத்தளத்துக்கு இயந்திரம் வந்தவை. பழுப்பு அட்டைதான், டேப்பை நானே உரித்துவிட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, “மேடம், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார். வடக்குச் சுவரோரம் இன்னும் புல்தான் என்று அண்ணன் சொன்னார். அங்கே பரப்புங்கள். அந்தப் பாத்தி எனக்கு. மண்வெட்டி கொண்டுவரமாட்டேன்.

ஒன்று மட்டும். மூடிவைத்தால் எல்லாமே மட்கிவிடாது. டேப்பை நீங்களே உரித்துத்தானே எடுத்தீர்கள்? குழாயும் டேப் ஜாதி, கை வைத்தால்தான் சரியாகும். புது வாஷர் எங்கே இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை வரும்,
உங்கள் வீட்டுக்காரி


ஆகஸ்ட் 16

வீட்டுக்காரிக்கு,

பெட்டிகள் வந்தன. பரப்பி, நனைத்து, மூடாக்குப் போட்டாயிற்று.

வாஷர் தையல் டப்பாவில், பித்தான்களுக்கு அடியில் இருந்தது. மாற்றிவிட்டேன். மாடி வீட்டு அண்ணன்தான் டார்ச் பிடித்தார். “தம்பி, நீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் வெளிச்சம் பாதி நேரம் சுவரில்தான் விழுந்தது.

சொட்டுவது நின்றுவிட்டது. இனி பீன்ஸுக்கு நானே தண்ணீர் பிடித்து, நடந்துபோய் ஊற்ற வேண்டும். உனக்காக நான் செய்தவற்றில் இதை முதலிடத்தில் எழுதிக்கொள்.

ஒரே ஒரு புகார். சொட்டுச் சத்தம் நின்றதிலிருந்து வீடு தாங்க முடியாத அமைதியாக இருக்கிறது. முதல் பஸ்ஸிலேயே வா.

வாசலில் நிற்கும்,
உன்னவன்