“மழுப்புகிறார்” என்ற சொல்லைத் திரும்பப் பெறாதது குறித்து

அனுப்புநர்:
மூன்றாம் மாடித் தையல்காரி,
தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழ் வீடு.

பெறுநர்:
கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: “மழுப்புகிறார்” என்று எழுதியதற்கு விளக்கம் அளித்தலும், சுவர் விரிசலுக்குப் பதில் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பொறியாளர் மழுப்புகிறார் என்று என் முந்தைய மனுவில் எழுதியிருந்தேன். அது அவரை அவமதிக்கும் சொல் என்றும், திரும்பப் பெற்றால்தான் மனு பரிசீலிக்கப்படும் என்றும் பதில் வந்துள்ளது. விரிசலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

2. அவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்பவரை என்றாவது பிடித்துவிடலாம். கேட்டதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொல்லி அனுப்புவதைத்தான் மழுப்பல் என்கிறோம். தையல்காரி “நாளைக்கு” என்றால் என்ன அர்த்தம் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். ஆனால் சட்டை தாமதமானால் யார் தலையிலும் விழாது.

3. சுமை தூக்கும் என் கணவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அவர் கட்டிலை ஒட்டிய சுவரில், தலைக்கு மேலேதான் விரிசல். போன மழைக்குப் பிறகு என் கத்தரிக்கோல் முனை அதற்குள் போகிறது. அவரை அசைக்கக் கூடாது என்கிறார் மருத்துவர்.

4. பொறியாளர் வந்து, தெருவின் எதிர்ப்புறம் நின்றே அண்ணாந்து பார்த்தார். நான் கீழே ஓடி, என் கணவரை அந்த அறையிலேயே படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். “கட்டடம்னா விரிசல் இருக்கத்தான்மா செய்யும், பாத்துக்கலாம்” என்றார். அப்படியானால் மேலே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். கட்டட வாசல்படிவரை வந்தவர், மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லித் திரும்பிவிட்டார்.

5. பயமாக இருக்கிறது ஐயா. மெஷினை ஓட்டினால் என் கணவர் போர்வையில் காரை உதிர்கிறது. ஓட்டாவிட்டால் அடுப்பு எரியாது. என்ன சொன்னார்கள் என்று அவர் தினமும் கேட்கிறார். “பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க” என்கிறேன். இப்போது வீட்டுக்குள் மழுப்புவது நான்.

6. ஆகவே தாங்களோ பொறியாளரோ மேலே வந்து, என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து, இருக்கலாமா கூடாதா என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டுகிறேன். எந்த வார்த்தையானாலும் அந்த நிமிடமே என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அவரைத் தூக்க நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாளை மாலைக்குள் யாரும் படியேறாவிட்டால், அதையே தங்கள் பதிலாக எடுத்துக்கொண்டு அவரை இறக்கிவிடுவேன்.

நாள்: மழை விட்ட மறுநாள்
இடம்: விரிசலுக்குக் கீழே

பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தையல்காரி