சுஜிதாவின் இருபத்தாறு தாமதங்கள்

தென்காசி,
வெள்ளிக்கிழமை, காலை

ஆமாம், தேர்வுப் பட்டியலில் சுஜிதாவின் பெயரை அடித்தது நான்தான். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து. உன் அப்பா போனில் உன்னிடம் சொன்னது எல்லாம் உண்மை. அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பிவிடுவாய். அதை நான் இந்த வாரம் தாங்கமாட்டேன்.

அன்புள்ள ஜாய், ஜூலையில் குளிர்காலம் நடக்கிற அந்தத் தூர தேசத்திலும் கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருப்பாராக. நாங்கள் இங்கே சுகம், துணிகள்தான் சுகமில்லை, பத்து நாளாய்ச் சாரல், எதுவும் காயவில்லை. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், நான் எதிரில் நின்றால். குற்றாலத்தில் நல்ல கூட்டமாம். ரம்புட்டான் பழம் வந்துவிட்டது. நீ இல்லாததால் நான் இரண்டு பேர் பங்கைத் தின்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோவிலின் ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளியில் இப்போது பெரிய வகுப்பு என்னிடம். வகுப்பு எட்டு மணிக்கு. தாமதமாக வந்தால் பெயருக்கு நேராகச் சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி ஒரு நாள் வராததற்குச் சமம். நூற்றுக்கு எழுபத்தைந்து நாளாவது வராதவர்கள் வேதாகமத் தேர்வு எழுத முடியாது. தாமதமாக வந்தவர்கள் ஆரம்பப் பாட்டு முடியும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும். இந்த நான்கு விதியையும் எழுதியது நான். எழுதி, படித்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு ஒரு வாக்கியம் அழகாக அமைந்துவிட்டால் அது நியாயம் என்று தோன்றிவிடும்.

சுஜிதா குற்றாலத்திலிருந்து தனியாகப் பஸ்ஸில் வருகிற பிள்ளை. பதின்மூன்று வயது. அப்பா பெயர் கடற்கரை, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், கோவிலுக்கு வருவதில்லை, மகளை மட்டும் அனுப்புவார். அம்மா லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறாள். ஜனவரியிலிருந்து இருபத்தெட்டு ஞாயிறு. இரண்டு நாள் காய்ச்சல். மீதி இருபத்தாறு நாளும் வந்தாள். இருபத்தாறு நாளும் தாமதம். ஒவ்வொரு வாரமும் அதே ஐந்து நிமிடம். இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி தாமதமாக வருகிறாளே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. வராந்தாவில் நின்றபடியே ஆரம்பப் பாட்டைப் பாடுவாள். நல்ல குரல். உள்ளே பாடுகிறவர்களைவிட அவள் குரல்தான் எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே புள்ளி வைப்பேன்.

போன ஞாயிறு தேர்வுக்குப் போகிறவர்களின் பட்டியலை வாசித்தேன். அவள் பெயர் இல்லை. வேதாகமத்தை மூடி, பையில் வைத்து, போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஆராதனை முடிந்து நான் வகுப்பறையைப் பூட்டப்போகும்போது கடற்கரை வந்து நின்றார். முதல்முறையாக நம் கோவில் வளாகத்துக்குள். தலையில் துண்டு, கையெல்லாம் எண்ணெய் வாசனை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. "டீச்சர், ஏழரை பஸ்ஸுல நாந்தான் அவள ஏத்திவிடுதேன். கால் மணி நேரத்துல தென்காசி. நம்ம பஸ் செங்கோட்டையச் சுத்திட்டா வருது?" என்றார். நான் அமைதியாகப் பேசினேன். நான் அமைதியாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சுவரைக் காட்டி, நான் ஒன்றும் என் இஷ்டத்துக்குப் போடவில்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் போடுகிறேன் என்றேன். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்தார். பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு. சுஜிதா ஒவ்வொரு வாரச் சீட்டையும் அந்த வார மனப்பாட வசனம் இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறாள், அடையாளத்துக்கு. ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தது. ஏழு முப்பத்திரண்டு. ஏழு முப்பத்தொன்று. ஏழு முப்பத்துமூன்று.

பிறகு தன் பட்டன் போனை எடுத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க குத்தாலத்துல மணி வேற போல டீச்சர்" என்றார். அவர் போனில் பன்னிரண்டு பத்து. சுவரில் பன்னிரண்டரை. நான் என் வாட்சைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. ஒரே அறையில் மூன்று விதமாய் மணி.

இப்போது நீ சிரிக்கலாம். ஜனவரியில் அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றியது நான். பிள்ளைகள் சீக்கிரம் வரட்டும் என்று பத்து நிமிடம் கூட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் அநியாயக்காரி இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை மனதுக்குள் கழித்துவிட்டு, சுவரில் எட்டு பத்து ஆனபிறகுதான் புள்ளி வைப்பேன். இதற்காக என்னை நானே ரகசியமாய் மெச்சிக்கொண்டதும் உண்டு. ஸ்டூலில் ஏறி நின்று எதைப் பார்த்துக் கூட்டினேன்? என் வாட்சை. அது நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போதே நான் பத்து நிமிடம் முன்னால் வைத்த வாட்ச். ஆகச் சுவர் இருபது நிமிடம் முன்னால், நான் கழித்தது பத்துதான். வருஷக்கணக்காகக் கையில் கிடந்து அதுவே எனக்குச் சரியான நேரம் ஆகிவிட்டது. எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்பேன், நேரம் தவறாதவள் என்று ஊரில் பெயர். அதை என் குணம் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் விளையாட ஏழரைக்கே வந்துவிடுவதால் அவர்களுக்குப் புள்ளியே விழவில்லை. பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து, வராந்தாவில் நின்று பாடியிருக்கிறாள். மணியடிக்கிற கிங்ஸ்லி அண்ணாச்சி ஆராதனை மணியைப் பிந்தி அடிக்கிறார், வயதாகிவிட்டது என்று நான் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். அவரிடமும் பேச வேண்டும்.

கடற்கரையிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா? பார்க்கிறேன் என்றேன். அவர் டிக்கெட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பாருங்க. அவ இனி வரமாட்டேங்கா, நானும் சொல்லிப் பாத்துட்டேன்" என்று போனார். தேர்வு இந்த ஞாயிறு. திங்கள் முழுக்க நான் ஒரு திட்டம் போட்டேன். கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். சுஜிதாவுக்கு விசேஷ அனுமதி கேட்டு வாங்கலாம். தூரத்துப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, டீச்சர் இரங்கினார் என்று இருக்கும். உன் அப்பாவிடம் சொன்னேன். மாத்திரையை முழுங்கிவிட்டு, "ஏட்டி, தப்பையும் நீ பண்ணிட்டு மன்னிப்பையும் நீயே குடுக்கப் போறியா?" என்றார். மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்.

நேற்று போதகரைப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம்வரை பட்டியலில் பெயர் சேர்க்கலாமாம். ஆனால் காரணத்தை வகுப்பு ஆசிரியை கைப்பட எழுதித் தரவேண்டும், ஞாயிறு ஆராதனையில் அதை வாசிப்பார்கள். நிர்வாகக் காரணங்களால் என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை நீட்டினார். இரண்டு வரி எழுத முக்கால் மணி நேரம். அழகாக அமையவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் தாளில் பெயர் ஏறினால் போதுமா, பிள்ளை வரவேண்டுமே. நாளைக் காலை குற்றாலம் போகிறேன். அவள் வராவிட்டால் அந்த இருபத்தாறு ஞாயிறும் என் கணக்கில்தான் நிற்கும்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் உனக்கு முழு வருகைச் சான்றிதழ் இரண்டு நாள் தாமதத்தால் கிடைக்காமல் போயிற்று. டீச்சர் மகள் என்று சலுகை காட்டக்கூடாது என்று நான்தான் உனக்குத் தாமதம் போட்டேன், என் வாட்சைப் பார்த்து. அம்மா உன் வாட்ச் முன்னால் ஓடுது என்று நீ சொன்னாய். எதிர்த்துப் பேசாதே என்றேன். ஒன்பது வருடம் கழித்து, ஆமாம், முன்னால்தான் ஓடுகிறது. உங்கள் ஊரில் அரசாங்கமே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறது என்று சொன்னாய். ஆனால் எல்லாருக்கும் சொல்லிவிட்டு மாற்றுகிறார்கள்.

காலை வகுப்புக்கு எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று கேட்க இந்த வாரம் எனக்கு யோக்கியதை இல்லை. சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் நல்லது, பிந்திப் போனாலும் போ. உன் போக்கும் வரத்தும் காக்கப்படுவதாக. மறக்காதே, நீ புறப்படும்போது பெட்டியில் ஒரு அலாரம் கடிகாரம் வைத்துக் கொடுத்தேன். அதற்கு நேரம் வைத்ததும் நான்தான். சரிபார்த்துக்கொள்.

உன் அம்மா,
ஜெபசெல்வி

சனிக்கிழமை, பதினொரு மணி (சரியான மணி). கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் வாட்சைப் பத்து நிமிடம் பின்னால் வைத்தேன். பழைய பழக்கத்தில் அதைப் பார்த்துக் கிளம்பினேன், குற்றாலத்துக்கு ஏழரை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனேன். கடற்கரை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், நின்றார். இரண்டு பேரிடமும் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். சுஜிதா, "அப்பம் நான் வெளிய நின்னு பாடுனதுக்கு என்ன டீச்சர் போடுவீய?" என்று கேட்டாள். கொண்டுபோயிருந்த பதிவேட்டைத் திறந்து அவள் முன்னாலேயே இருபத்தாறு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அடித்தேன், அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஸ்கேல் கொண்டுபோகவில்லை. கோடுகள் கோணலாகத்தான் வந்தன.