நாற்பதாவது வீடு

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பியும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அங்கே ஒரு தலைவலிகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், ஏதோ நான் கட்டிய படி மாதிரி. தம்பி பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறான், அவன் எப்போது அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறான். இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், உன் குரல் கேட்டதும், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நம் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, பதறாமல் படி.

பணிமனையில் வண்டிகளின் நெளிசலைத் தட்டி நிமிர்த்துகிறானே, நாங்கள் எல்லோரும் சுத்தியல் என்று கூப்பிடுவோமே, அவன்தான் ஆரம்பித்து வைத்தான். பின்தெருவில் இருந்த இரண்டு கம்பெனிகளும் மூடியதிலிருந்து அங்கே பல வீடுகளில் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று கேள்விப்பட்டு, நம்ம பிரிவில ஒன்பது பேர் இருக்கோம், ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தா அவங்க ஒரு மாசம் ஓட்டிடலாம் அண்ணே என்றான். சேர்ந்ததெல்லாம் என் ஸ்டோர் ரூமில்தான் இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு பிஸ்கட் பாக்கெட், பெரிய மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டிய மாவு, வீட்டுக்கு ஒரு பெட்டி. சனிக்கிழமை நாற்பது பெட்டிகளை நானே ஒட்டினேன், ஞாயிற்றுக்கிழமை வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

திங்கட்கிழமை காலை ஸ்டோரைத் திறந்தால் மேஜைமேல் ஒரு மாவுப் பை மிச்சம். நாற்பது பைதான் கட்டினேன், நாற்பது பெட்டியும் போய்விட்டது, இது எப்படி என்று அலமாரியைப் பார்த்தேன். கரப்பான் பூச்சிக்குப் போடும் மருந்துப் பொடி அங்கே இருக்க வேண்டும். பழைய பாக்கெட் கிழிந்துபோய், அதை, மாவு கட்டிய அதே மாதிரிக் கண்ணாடி பிளாஸ்டிக் பை ஒன்றில் கொட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். வெள்ளைப் பொடி. மேலே பெயர் எழுதி ஒட்ட வேண்டும், நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று விட்டவன் நான்தான். அந்த இடம் காலியாக இருந்தது. மாவென்று நினைத்து அதை ஏதோ ஒரு பெட்டியில் வைத்து ஒட்டியிருக்கிறேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன், யாருக்கும் தெரியாதே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

சுத்தியலிடம் ஓடினேன். அவன் முகம் வெளுத்துப்போனது, ஆனாலும், அண்ணே அழறதுக்கு நேரமில்ல, வீட்டு லிஸ்டை எடுங்க என்றான். மேனேஜர் அம்மா, யார் தப்புங்கறதை அப்புறம் பேசலாம், முதல்ல வண்டியை எடுத்துட்டுக் கிளம்புங்க என்று சாவியைக் கையில் திணித்தார். ஒவ்வொரு வீடாகப் போய் மாவைக் காட்டச் சொன்னோம், பிசைந்து வைத்திருந்தவர்கள் வீட்டில் மாவைக் கொட்டச் சொன்னோம், யாருக்காவது வாந்தியா மயக்கமா என்று கேட்டோம். முப்பத்தொன்பது வீட்டிலும் நல்ல மாவு. நாற்பதாவது வீடு மாடியில் பின்பக்கம், பூட்டியிருந்தது. பாத்திரம் கழுவும் வேலைக்குப் போகும் பெண், இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், புருஷன் இல்லை. எங்கே வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்து, சின்னது காலையில வயித்தைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சே என்றார். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் ஐந்து வயது முகம் கண்முன் வந்துவந்து போனது. சுத்தியல் அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டே இருந்தான்.

நான்கு மணிக்கு அந்தப் பெண் இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், நேத்தே மாவைச் சுட்டுச் சாப்பிட்டோம் அண்ணா, ரொம்ப நல்லா இருந்துச்சு, நீங்கல்லாம் நல்லா இருக்கணும் என்று சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். அம்மா அதுல விஷம்மா, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறும்மா என்று கத்தினேன். அவள் குழந்தைகளின் கையை விட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தாள். உள்ளே பெட்டி இருந்தது, அரிசி, பருப்பு எல்லாம் அப்படியே, பிஸ்கட் மட்டும் இல்லை. அந்தப் பையும் நான் போட்ட ரப்பர் பேண்டோடு இருந்தது. சிலிண்டர் தீர்ந்து பதினோரு நாளாச்சு அண்ணா, இவ்வளவு கொண்டுவந்து கொடுத்தவங்ககிட்ட அடுப்பு எரிக்க வழியில்லைன்னு சொல்ல வாய் வரலை என்றாள். அப்படியானால் குழந்தை ஏன் அழுதது என்று கேட்டேன். பசிக்கு என்றாள், நான் கேட்டதே வேடிக்கை என்பதுபோல.

சுத்தியல் தன் வீட்டு சிலிண்டரையே தூக்கிக்கொண்டு வந்து மாட்டினான். நான் நடந்ததை முழுசாக எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன், விசாரணை அடுத்த வாரம், ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கையில் வேலை நிலைக்குமா தெரியாது. அந்தப் பயம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் பார், மாடிப்படியில் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன் பார், அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. சிலிண்டர் மட்டும் இருந்திருந்தால் என்று பாதியில் வரும் நினைப்பை முழுசாக நினைக்கத் தைரியமில்லை.

உன் சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் டப்பாவிலும் இன்றைக்கே பெயர் எழுதி ஒட்டு, நாளைக்கு என்று வைக்காதே. இன்னொன்று. நான் எப்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சுப்பா, நல்லா இருக்கேன்ப்பா என்று யோசிக்காமல் சொல்கிறாய். அந்தப் பெண்ணும் அதே மாதிரி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இனி என்னிடம் அப்படிச் சொல்லாதே தங்கம். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு, நான் கேட்டுக்கொள்கிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா