வெள்ளிக்கிழமைக் கோயில்

தட்டில் நெத்திலி மிச்சம் கிடக்கிறது. வறுத்த நெத்திலியையும் கச்சான் கடலையையும் கலந்து கடைக்கார ஆ பெங் கொண்டுவந்து வைக்கிற அதே தட்டுதான். நெத்திலியை நீ பொறுக்கித் தின்பாய், கச்சானை என் பக்கம் தள்ளிவிடுவாய். இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டில் எதுவும் மிஞ்சியதில்லை. இன்றைக்குக் கச்சானை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

ஆமாம், கோபம்தான். செத்துப்போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு அதெல்லாம் வராது. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதற்கும் நீ வழி வைக்காமல் போய்விட்டாய்.

நாம் பழகியது தீவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில். பட்டர்வொர்த்தில் சரக்கை ஏற்றி, லோரியை ஃபெரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மழைக்காக ஆ பெங் கடைக்குள் ஒதுங்கினேன். காலையில் கோப்பி, சாயங்காலத்தில் பீர் என்று நடக்கிற சின்னக் கடை. கறுப்பு பீரையும் மஞ்சள் பீரையும் ஆ பெங் தன் கைப்பக்குவத்தில் கலந்து ஊற்றுவான். அந்த ருசி தீவில் வேறு எந்தக் கடையிலும் வராது. எல்லா மேசையிலும் ஆள். நீ மட்டும் வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாகத் தனியாக இருந்தாய்.

"இருங்கோ தம்பி, மழை இப்ப விடாது" என்று நாற்காலியைக் காட்டினாய். பேச்சைக் கேட்டதுமே யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை, ஏதோ ஆபீஸில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கிறவர் என்று தெரிந்துவிட்டது. நானோ சுங்கை பினாங்கில் அடுக்கு வீட்டில் இருக்கிற லோரிக்காரன். முதல் கிளாஸில் 'இருங்கோ' என்ற நீ, கடை அடைப்பதற்குள் "டேய், ஊத்து லா" என்று என் பேச்சுக்கு இறங்கிவிட்டாய். எனக்கு அது பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் நமக்கு ஆ பெங் கடைதான்.

உன் வீட்டில் அதற்குப் பெயர் கோயில். தண்ணீர்மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாய். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம் இருக்கும். கிளம்பும்போது நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, ஏலக்காயை வாயில் போட்டுக் கடித்து, "எப்படி இருக்கு? பக்தன் மாதிரி இல்ல?" என்று கேட்பாய். முருகனே வந்து பார்த்தால்கூட நம்பிவிடுவார் என்பேன். ஆ பெங்குக்கு ஒன்றும் புரியாது, ஆனால் அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

என் வீட்டுக்கு நீ எத்தனை தடவை வந்திருப்பாய்! என் மனைவி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காகவே வருவாய். என் அம்மா இறந்த அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, என்னோடு சேர்ந்து பாடையைத் தூக்கினாய். அழுதுகொண்டிருந்த என் மகளை மடியில் வைத்திருந்தாய். அவளுக்கு நீ பெரியப்பா. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். உன் பிள்ளைகளுக்கு நான் யார்? அதைத்தான் கேட்கிறேன்.

அந்தத் தைப்பூசத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மலையடிவாரத்தில் எங்கள் ஆட்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நீ மனைவி, பிள்ளைகளோடு வந்தாய். எனக்கு ஒரே சந்தோஷம். "டேய், இங்க வா லா!" என்று கத்தினேன். நீ வந்தாய். கிளாஸை வாங்கினாய். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, "நன்றி" என்று சொல்லிவிட்டு நடந்தாய். உன் மனைவிதான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பையன், "யாருண்ணே அது?" என்று கேட்டான். தெரியாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? கரண்டி கையில் இருந்தது, மோரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்காதவன்போல் வந்து உட்கார்ந்தாய். நான் கேட்டேன். நீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"என் பெண்சாதி ஒரு மாதிரி லா. சுங்கை பினாங் ஆளுங்க, லோரிக்காரங்கன்னா அவளுக்கு ஆகாது. நீ தப்பா எடுத்துக்காத. நான் என்ன செய்யிறது?"

நம்பினேன். உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்? கோபம் முழுவதும் அந்த அம்மாள் மேல் திரும்பியது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அவரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்! "ஒன் வீட்டு மகாராணி எப்படி இருக்காங்க? நம்ம நெழலு பட்டா தீட்டாயிருமா?" என்பேன். குடித்த வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவேன். நீ எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய். "விடு லா, பொம்பளைங்க அப்படித்தான்" என்று சொல்லி நெத்திலியைப் பொறுக்குவாய்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. "கவான் மானா?" என்று ஆ பெங் கேட்டான். கூட்டாளி எங்கே என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டுக்குப் போன் போடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். மூன்றாவது வாரம் ஆ பெங் ஒரு இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, என் முன்னால் விரித்தான். அதில் உன் படம். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் செத்திருக்கிறாய், எரித்தும் முடித்துவிட்டார்கள். என் அம்மாவின் பாடையைத் தூக்கியவனுக்கு என்னால் ஒரு பிடி அரிசி போட முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு நீதான் காரணம், வேறு யாரும் இல்லை.

உங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு, வீட்டில் மதியச் சாப்பாடு என்று அதிலேயே போட்டிருந்தது. போனேன். அழுவதற்காகப் போகவில்லை. அந்த மகாராணியின் முகத்துக்கு நேரே நின்று, நான்தான் அந்த லோரிக்காரன் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் மனைவி என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார்.

"நீங்கள்தானே தம்பி, அந்தப் பியர்க் கடையில இவரோட இருக்கிறவர்?"

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"ஏன் தெரியாமல்? விபூதி பூசினால் பியர் மணக்காதோ? தைப்பூசத்தில மோர் தந்தவரும் நீங்கள்தானே? ஆர் எண்டு அண்டைக்கே கேட்டுக் கேட்டுச் சொல்லவச்சனான். அந்தத் தம்பியை வீட்ட கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒருநாள் சாப்பிடட்டும் எண்டு எத்தனை தரம் சொல்லி விட்டனான். உங்களுக்குக் கூச்சமாம், எங்கட வீட்டுக்கு வரமாட்டியளாம். அப்பிடித்தான் சொன்னவர்."

என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய் இலை முன்னால் உட்கார வைத்தார். சோற்று வாளியோடு வந்த உன் மகன், "அங்கிள், நீங்க அப்பாவோட ஆபீஸா?" என்று மரியாதையாகக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரல் வந்தது.

"ஆபீஸ் இல்லை. அப்பான்ர கூட்டாளி. வெள்ளிக்கிழமையில அப்பா பியர் குடிக்கிறது இவரோடதான்."

சத்தமாகச் சொன்னார். பந்தியில் இருந்த கோட்டுக்கார உறவினர்கள் எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை.

இவ்வளவுதானே? இதைச் சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? வெட்கப்பட்டது அவர் இல்லை, நீ. உன் வெட்கத்தைக் கட்டின பெண்டாட்டியின் தலையில் கட்டினாய். நான் அவரை ஏச ஏசக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவரிடம் போய் நான் வர மறுக்கிறேன் என்று சொன்னாய். அந்த வீட்டுக் கதவு எனக்காகத் திறந்தே கிடந்திருக்கிறது, இரண்டு பக்கமும் பொய் சொல்லி நடுவில் நின்றவன் நீ.

"செத்தவங்க மேல கோவம் வச்சிக்கிறாதீங்க" என்கிறாள் என் மனைவி. வைத்துக்கொள்வேன். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் போடா என்று மறந்திருப்பேன். நீ செய்ததைத்தான் எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. லோரியில், வீட்டில், இந்த மேசையில் எல்லாம் கூடவே வருகிறது.

அன்று உன் மகன் மறுபடியும் சோற்று வாளியோடு வந்தான். பசி எப்போதோ போயிருந்தது. இருந்தாலும் கையைக் காட்டித் தடுக்காமல் போடச் சொன்னேன். உன் வீட்டில் முதன்முதலாகக் கை நனைக்கிறேன், அதுவும் உன் அந்தியேட்டிச் சோற்றில். ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.