நோன்பு மாதத்துப் பச்சை விளக்கு

அனுப்புநர்:
ஏ. மர்ளியா,
கனமூலை, மதுரங்குளி.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர்,
புத்தளம்.

விடயம்: தொழிலாளரின் உடல்நீர் அளவைப் பலர் காணக் காட்டும் திரையை அகற்றுதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் கிருமிநாசினித் தூள் பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறேன். தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு அங்கியோடுதான் வேலை. வெக்கை தாங்காமல் பலர் மயங்கி விழுந்ததால், சென்ற வருடம் எங்கள் கைகளில் வியர்வையை அளக்கும் கருவியை ஒட்டினார்கள். போதிய தண்ணீர் குடித்தவரின் பெயருக்குப் பச்சை விளக்கு, உடலில் நீர் குறைந்தவருக்குச் சிவப்பு. கருவி நல்லது. என்னோடு வேலை செய்யும் நிஷாந்தினி பிழைத்தது அதனால்தான்.

2. ஆனால் அந்தப் பெயர்களும் நிறங்களும் சாப்பாட்டு அறைச் சுவரிலுள்ள திரையில், ஆண் பெண் எல்லோரும் பார்க்க ஓடுகின்றன. நோன்பு மாதத்தில் முஸ்லிம்களின் பெயர்கள் பகலில் சிவந்துவிடும். பெண்களுக்கோ மாதந்தோறும் வரும் அந்தச் சில நாட்களில் மார்க்கமே நோன்பை விலக்கியுள்ளது. அந்நாட்களில் ஒருவருக்கும் தெரியாமல் கழிப்பறையில் தண்ணீர் குடிப்போம். இம்முறை ஒருநாள் நானும் அப்படித்தான் குடித்தேன். என் பெயர் பச்சையானது. கத்தோலிக்கரான நிஷாந்தினியின் பச்சையை எவரும் கவனிக்கவில்லை. என்னுடையதைக் கண்டு, லொறியில் சுமை ஏற்றுவோர் "மர்ளியா ராத்தாக்கு இண்டைக்கு லீவாம்" என்று சிரித்தார்கள். அவர்களோடு வேலை செய்யும் என் கணவரின் தம்பி ஸப்ரான் தலையைக் குனிந்துகொண்டார். ஐயா, இதை எழுதவே கை கூசுகிறது.

3. மறுநாள் நான் தண்ணீரைத் தொடவில்லை. பெயர் சிவப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். புத்திகெட்ட வேலைதான். பிற்பகலில் விழுந்துவிட்டேன். அதற்கு முன்பே என் பெயருக்கு எச்சரிக்கை ஒலித்ததாம். நோன்புக்காரப் பிள்ளைதானே என்று மேற்பார்வையாளர் பேசாமல் இருந்திருக்கிறார். சிவப்பைக் கண்டு நான் நோன்பு என்றே நம்பியிருந்த ஸப்ரான் ஓடிவந்து, அங்கியைக் கிழித்து, என் வாயில் தண்ணீர் ஊற்றினார். பிறகு "உங்கட நோன்ப முறிச்சிட்டேன் மதினி, மன்னிச்சிக்கொள்ளுங்க" என்று அழுதார். இல்லாத நோன்புக்காக அழுதவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன். இன்றும் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

4. ஆகவே கருவியை அப்படியே இருக்கவிட்டு, திரையை மட்டும் அகற்ற உத்தரவிடுங்கள். எச்சரிக்கை, முதலுதவி செய்யும் பெண் ஊழியருக்கு மட்டும் போகட்டும். சிவப்பு எரிந்தால், நோன்போ இல்லையோ, ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

இதனைப் பெண் அலுவலர் ஒருவர் விசாரித்தால் பேருதவியாக இருக்கும். பதில் அனுப்பும்போது தபாலுறையின் மேல் விடயத்தைக் குறிப்பிட வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கடிதங்களைத் தபால்காரரிடமிருந்து வாங்குபவர் ஸப்ரான்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஏ. மர்ளியா
(கையொப்பம்)

கனமூலை
2025.04.07