எண் 19-இன் மீதிப் பக்கங்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் இல்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்களாம்.

இன்றைய வேலை: என் பிஎச்.டி.க்கான ஆன்லைன் ஆய்வில் வந்த பதில்களைச் சுத்தம் செய்வது. பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு புரோகிராம். எந்த வரியில் தப்பு, ஏன். பாதியில் ஓடிப்போன புண்ணியவான்கள் ஏழு பேர். திட்டிக்கொண்டே குறித்தேன்.

எண் 19-இல் கை நின்றுவிட்டது. ஆய்வில் பெயர் கேட்பதில்லை, ஆளுக்கு ஒரு எண்தான். ஆனால் அது மகேஷ் அண்ணன். பிப்ரவரியில் இதே மேஜையில், என் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு பக்கம் முடித்தான். "மீதி நாளைக்கி பாத்துக்கலாம்மா" என்று லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனவன். மறுநாள் பைபாஸில் லாரி.

இன்று அந்த வரிசையில் புதிதாக எட்டாம் பக்கம். காலை 11.20. வரி 14, சரியான பதில். ஏன் என்ற பெட்டியில்: "பாத்தாலே தெரியுது." முதல் ஏழு பக்கத்திலும் அவன் எழுதியது அதே இரண்டு வார்த்தைதான்.

தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்பதாம் பக்கம். பாதிப் பேர் கோட்டைவிடும் பக்கம் இது. சரி. நான்கு நிமிடம். அண்ணனுக்கு எப்போதும் நான்கு நிமிடம்.

யார், எங்கிருந்து என்று பார்க்க வழியில்லை. அதைப் பதியவே வேண்டாமென்று அணைத்துவைத்தது நான்தான். எத்திக்ஸ் கமிட்டியிடம் நல்ல பெயர் வாங்கியாயிற்று. ஒன்று மட்டும் நிச்சயம்: விட்ட இடத்திலிருந்து தொடர அவனுடைய லேப்டாப் வேண்டும்.

கைடு மேடத்துக்கு போன். "தானா ஓடற ஏதாவது பாட் புரோகிராம் பண்ற வேலையா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிங்க்கை மூடிடு."

மூடினால் இதுவும் நின்றுவிடும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: எங்களிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? அதுவரை வரட்டும். எனக்குப் பைத்தியம்தான். இருந்தாலும் வரட்டும்.

ஜூன் 12, வியாழன்

நேற்று பத்தாம் பக்கம். இன்று பொறுக்க முடியாமல் தென்னேரிக்கு பஸ். அண்ணி இப்போது அங்கே, அவர் அம்மா வீட்டில். மோர் கொடுத்தார். உப்பு அதிகம்.

"லேப்டாப்பா? பீரோவுலதாம்மா இருக்குது. எடுத்தா அழுகை வந்துக்கினே இருக்குது, தொடறதே இல்ல. சார்ஜர்கூட உங்க வூட்லயே வுட்டுட்டு வந்துட்டாரு."

உண்மை. சார்ஜர் நான்கு மாதமாக என் அலமாரியில்.

மடியில் வைத்து பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. வெறும் கறுப்புத் திரை. அப்போது போனில் ஆய்வின் அறிவிப்பு: எண் 19, பக்கம் 11, மணி 3.12.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி ஆய்டுச்சி?"

"வெயில் அண்ணி."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வாலாஜாபாத் தாண்டும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். ஆனால் நாளைக்கு வராமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஜூன் 13, வெள்ளி

மேகமூட்டம்.

4.31, பக்கம் 12 திறந்தது. 4.35, முடிந்தது. வரி 6, சரி.

சொல்ல விரும்புவது: காலி. ஒரு எழுத்துகூட இல்லை.

அதற்குக் கீழே எல்லோரிடமும் கேட்பது: உங்கள் பதில்களை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடலாமா?

பதில்: அழித்துவிடவும்.

காரணம் கேட்க மாட்டோம், உடனே அழிப்போம் என்று அந்தப் படிவத்தில் எழுதியவள் நான். அழித்தால் பன்னிரண்டும் போகும். என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையால் அடித்த ஏழும் சேர்ந்தே.

4.50. அண்ணன் மேல் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். திட்டியாவது.

4.56. "உறுதியாகவா?" என்று திரை கேட்டது. அழுத்தினேன்.

பட்டியல்: 17, 18, 20, 21.